சிவப்பு இலைக்குள் ஒளிந்திருக்கும் பச்சை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

என் தொட்டிச் செடியின் இலை முழுக்க அடர் சிவப்பு. பச்சையே இல்லாமல் அது எப்படி ஒளிச்சேர்க்கை செய்கிறது?

பச்சையம் இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. ஓர் இலையைப் பறித்துக் கொதிநீரில் சில நிமிடம் போட்டுப் பாருங்கள். தண்ணீர் சிவந்துகொண்டே வரும், இலை மெல்லப் பச்சையாகும். சிவப்பு நிறமிகள் செல்லுக்குள் இருக்கும் நீர்ப்பையில் கரைந்து கிடப்பவை. சூட்டில் சவ்வு சிதைந்ததும் வெளியே வந்துவிடும். பச்சையம் நீரில் கரையாது, அதனால் செல்லுக்குள் ஒளிச்சேர்க்கை நடக்கும் நுண்ணுறுப்பான பசுங்கணிகத்திலேயே தங்கிவிடுகிறது.

இலை பச்சை ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது, அதனால் பச்சை ஒளியால் செடிக்குப் பயனே இல்லை என்று படித்தேன். சரியா?

பாதி சரி. பச்சையம் நீலத்தையும் சிவப்பையும்தான் அதிகம் உறிஞ்சும். ஜெர்மன் விஞ்ஞானி எங்கெல்மான் 1882-இல் இதை அழகாகக் காட்டினார். ஓர் இழைப்பாசியின் மேல் முப்பட்டகத்தால் பிரித்த வண்ண ஒளியை விழச்செய்து, ஆக்சிஜனைத் தேடிப்போகும் பாக்டீரியாக்களை அதனருகே விட்டார். அவை சிவப்பும் நீலமும் விழுந்த இடங்களில் மொய்த்தன. பச்சை விழுந்த இடத்தில் சொற்பமே.

ஆனால் முழு இலை, மெல்லிய பாசி இழை போன்றதல்ல. உள்ளே நுழைந்த பச்சை ஒளி செல்களுக்கும் காற்றிடைவெளிகளுக்கும் நடுவே மாறி மாறிச் சிதறுகிறது. ஒரு சுற்றில் தப்பியது அடுத்த சுற்றில் மாட்டிக்கொள்கிறது. இப்படி, விழுந்த பச்சை ஒளியில் பெரும்பகுதியை இலை உறிஞ்சிவிடுகிறது. நம் கண்ணுக்கு வருவது மிச்சம்தான். அப்புறம், நீலமும் சிவப்பும் பெரும்பாலும் மேலடுக்கிலேயே தீர்ந்துபோவதால், அடியில் இருக்கும் பசுங்கணிகங்களுக்குத் தீனி போடுவதில் பச்சைக்குப் பெரிய பங்கு உண்டு. "பயனே இல்லை" என்ற வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

உதிரும் முன் இலையில் மஞ்சள் எங்கிருந்து வருகிறது?

வருவதில்லை, ஏற்கெனவே இருந்ததுதான். பச்சையம் சிதையும்போது, அதைத் தாங்கியிருந்த புரதங்களின் நைட்ரஜனைச் செடி திரும்ப எடுத்துக்கொள்கிறது. மெதுவாக அழியும் கரோட்டினாய்டுகள் என்ற மஞ்சள் நிறமிகள் அப்போது வெளியே தெரிகின்றன.

கரோட்டினாய்டு வெறும் துணை நிறமிதானே?

அந்தச் சொல் அதன் அருமையை மறைத்துவிடுகிறது. பச்சையம் விட்டுவிடும் நீல, நீலப்பச்சை ஒளியைப் பிடித்துத் தருவது ஒரு வேலை. அதைவிடப் பெரிய வேலை காவல். உச்சி வெயிலில் செடியால் பயன்படுத்த முடியாத அளவு ஆற்றல் வந்து குவியும். அது ஆக்சிஜனுக்குத் தாவினால் செல்லையே அரிக்கும். கரோட்டினாய்டு அந்த ஆற்றலை வாங்கி வெப்பமாக வெளியேற்றிவிடுகிறது. கரோட்டினாய்டு உருவாவதை மட்டும் தடுக்கும் களைக்கொல்லிகள் உண்டு. அவற்றைத் தெளித்தால் புதிதாக விடும் இலை மஞ்சளாகக்கூட வராது, வெள்ளையாக வரும். காவல் இல்லாத பச்சையம் வெளிச்சத்தில் தானே அழிந்துவிடுகிறது.

இலையை ஸ்பிரிட்டில் கசக்கி வடிகட்டி, புற ஊதா டார்ச் அடித்தால் பச்சைச் சாறு ரத்தச் சிவப்பாக ஒளிர்கிறதே?

உயிருள்ள இலையில் பச்சையம் வாங்கிய ஆற்றலின் பெரும்பகுதி அடுத்தடுத்த மூலக்கூறுகளுக்குக் கைமாறி எதிர்மின்னியை (எலக்ட்ரானை) நகர்த்தும். சாறில் கைமாற்ற ஆளில்லை. அதனால் ஒரு பங்கு சிவப்பு ஒளியாகத் திரும்பி வருகிறது. இருட்டறையில் செய்து பாருங்கள், இன்னும் நன்றாகத் தெரியும்.