கோப்பை வென்ற ஆறே வருடத்தில் மூடப்பட்ட கிளப்: பிளாக்பர்ன் ஒலிம்பிக்

கேள்வி: இங்கிலாந்தின் ஆரம்பகாலக் கால்பந்து கிளப்புகளில் இன்று இல்லாத, ஆனால் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று எது?

என் பதில், பிளாக்பர்ன் ஒலிம்பிக். 1878-இல் தொடங்கி 1889-இல் மூடிய கிளப். பதினொரு வருட ஆயுள்தான். அதற்குள், பெரிய வீட்டுப் பிள்ளைகளிடமே சுற்றிக்கொண்டிருந்த எஃப்.ஏ. கோப்பையை (இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் நடத்தும் போட்டியின் கோப்பை) ஆலை வேலைக்குப் போகிறவர்கள் முதன்முதலாக வாங்கிக் காட்டினார்கள்.

இந்தப் பெயர் பலருக்குத் தெரியாது. பிளாக்பர்ன் என்றாலே அதே ஊரின் இன்னொரு கிளப்பான ரோவர்ஸ்தான் நினைவுக்கு வரும். 2020-இல் வந்த ஒரு இணையத் தொடர்கூட, 1883-இன் வெற்றியை வெறுமனே ‘பிளாக்பர்ன்’ என்ற அணிக்குக் கொடுத்து, ஃபெர்கஸ் சூட்டரை அதன் நாயகனாகக் காட்டிவிட்டது. சூட்டர் பக்கத்து ஊர் கிளப்பான டார்வெனிலும் பிறகு ரோவர்ஸிலும் ஆடியவர். அந்தக் கோப்பையை வென்ற பதினொரு பேரில் அவர் இல்லை. அதைப் பார்த்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பிளாக்பர்ன் வட இங்கிலாந்தில் லங்காஷயரின் தறி ஊர். அங்கே நெய்த துணியில் பெரும்பங்கு கப்பலேறி இந்தியாவுக்குத்தான் வந்தது. நம் ஆட்கள் கட்டும் வேட்டிக்கென்றே தனியாக நெய்த ஆலைகள் இருந்தன. 1850-இல் வந்த தொழிற்சாலைச் சட்டம், பெண்களுக்கும் இளவயதினருக்கும் சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வேலையை முடிக்க வைத்தது. அவர்கள் இல்லாமல் ஆலை ஓடாது என்பதால் ஆண்களுக்கும் அந்த அரை நாள் கிடைத்தது. இங்கிலாந்தில் சனிக்கிழமை மதிய ஆட்டம் என்ற பழக்கம் ஊன்றியது அந்த ஓய்வில்தான்.

பிளாக் ஸ்டார், ஜேம்ஸ் ஸ்ட்ரீட் என்று இரண்டு சின்ன கிளப்புகள் அந்த ஊரில் இருந்தன. இரண்டும் சேர்ந்ததுதான் ஒலிம்பிக். கிரேக்கத்தில் பழைய ஒலிம்பியாவைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்த சமயம் அது, பெயர் அங்கிருந்து வந்தது. மைதானத்தின் பெயர் ‘ஹோல் இன் தி வால்’, அதாவது சுவரில் உள்ள ஓட்டை. பக்கத்தில் இருந்த மதுக்கடையின் பெயரையே வைத்துவிட்டார்கள். ரோவர்ஸ் அவர்களுக்கு மூன்று வருடம் மூத்தது. படித்த, வசதியான குடும்பத்துப் பையன்கள் தொடங்கியது. ஒலிம்பிக்குக்கு அந்தப் பின்புலம் கிடையாது.

கோப்பைப் போட்டி 1871-இல் ஆரம்பித்ததிலிருந்து 1882 வரை பதினொரு முறை நடந்தது. பதினொரு முறையும் தெற்கத்தி அணிகளே வென்றன. வாண்டரர்ஸ், ராயல் என்ஜினியர்ஸ், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம், ஓல்டு ஈட்டோனியன்ஸ் (ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்கள்) என்று எல்லாம் பெரிய பள்ளி, கல்லூரி, ராணுவ அதிகாரிகள் வட்டம். 1882-இல் ரோவர்ஸ் இறுதி ஆட்டம் வரை போய் ஈட்டோனியன்ஸிடம் 1-0 என்று தோற்றுத் திரும்பியது.

அடுத்த வருடம் ஒலிம்பிக்கின் முறை. ஷெஃபீல்டிலிருந்து வந்த ஜாக் ஹன்டர் அணியில் ஆட்டக்காரர், பயிற்சியாளரும் அவரேதான். தொழிலாளி ஒருவன் தோற்பதற்குத் திறமைக் குறைவு மட்டும் காரணமில்லை, உடம்பு களைத்துப்போய் மைதானத்துக்கு வருவதும் ஒரு காரணம் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. என் அப்பா நூற்பாலையில் ஷிப்டு பார்த்தவர். வீட்டுக்கு வந்தால் சட்டையைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் திண்ணையில் சாய்ந்துவிடுவார். அதனால் ஹன்டர் செய்த காரியம் எனக்கு நன்றாகவே விளங்குகிறது: ஆட்டக்காரர்களை ஆலையிலிருந்து வெளியே எடுத்தார். இரும்பு வார்ப்பட ஆலை வைத்திருந்த சிட்னி யேட்ஸ் 100 பவுண்டு கொடுத்தார். அந்தக் காசில் ஹன்டர் எல்லோரையும் பிளாக்பூல் கடற்கரைக்குக் கூட்டிப்போனார்.

அங்கே ஒரு நாள் எப்படிப் போனது என்ற குறிப்பு இன்றும் கிடைக்கிறது. காலை ஆறு மணிக்கு ஒரு கிளாஸ் போர்ட் ஒயினும் இரண்டு பச்சை முட்டையும். உடனே மணலில் நடை. திரும்பி வந்தால் ஓட்ஸ் கஞ்சியும் ஹேடக் மீனும். மதியம் ஆட்டுத் தொடைக்கறி. சாயங்காலம் மறுபடி கஞ்சி, ஒரு பைன்ட் பால். ராத்திரி ஆளுக்கு அரை டஜன் சிப்பி. ஒரு நெசவாளி தன் வாழ்நாளில் வேறு எந்த வாரத்திலாவது இப்படிச் சாப்பிட்டிருப்பானா? இன்று எந்த அணியும் பெரிய ஆட்டத்துக்கு முன் முகாம் போகிறது. அன்றைக்கு அது குற்றமாகவே பார்க்கப்பட்டது. கோப்பைக்காக இதுவரை யாரும் செய்யாததைச் செய்துவிட்டார்கள் என்று ஈட்டன் தரப்பில் குறைப்பட்டார்கள்.

அரையிறுதியில் ஓல்டு கார்தூசியன்ஸை 4-0 என்று அடித்தார்கள். இரண்டு வருடம் முன்பு கோப்பை வென்ற அணி அது!

1883 மார்ச் 31, லண்டன் கெனிங்டன் ஓவல் மைதானம். எதிரே கின்னர்டு பிரபு தலைமையில் ஈட்டோனியன்ஸ். அவருக்கு அது ஒன்பதாவது இறுதி ஆட்டம். இந்தப் பக்கம் கேப்டன் ஆல்பர்ட் வார்பர்ட்டன், குழாய் வேலைக்காரர். கோல்கீப்பர் ஹாக்கிங் பல் மருத்துவரிடம் உதவியாளர். கிப்சன் வார்ப்படத் தொழிலாளி. மூன்று நான்கு பேர் தறி ஓட்டுகிறவர்கள்.

முதல் பாதியில் குட்ஹார்ட் கோல் போட்டு ஈட்டோனியன்ஸை முன்னே கொண்டுபோனார். ஈட்டோனியன்ஸ் பந்தைக் காலோடு வைத்துக்கொண்டே ஓடுகிற பழைய பாணிக்காரர்கள். ஒலிம்பிக்கோ ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நீளமாகப் பந்தைத் தள்ளி அவர்களை ஓடவைத்துக்கொண்டே இருந்தது. இரண்டாம் பாதியில் ஆர்தர் டன் அடிபட்டு வெளியேறினார். மாற்று ஆள் இறக்கும் வழக்கமே இல்லாத காலம், ஈட்டோனியன்ஸ் பத்துப் பேரோடு நின்றார்கள். படச்சட்டம் செய்யும் மேத்யூஸ் சமன் செய்தார். கூடுதல் அரை மணி நேரத்தில் யேட்ஸ் என்ற நெசவாளி (பணம் கொடுத்தவர் இல்லை, இவர் ஜான் யேட்ஸ்) கொடுத்த பந்தை, நூற்பாலைத் தொழிலாளி ஜிம்மி காஸ்ட்லி வலைக்குள் அனுப்பினார். 2-1. பத்துப் பேரை ஜெயித்ததில் என்ன பெருமை என்று சிலர் கேட்பார்கள். ஆனால் இரண்டு மணி நேரம் ஆடிய பிறகு கால் ஓய்ந்துபோனது ஆலைக்காரர்களுக்கு இல்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அந்த முட்டையும் மணல் நடையும் அங்கே வேலை செய்தன.

சரி, இப்படிப்பட்ட அணி ஏன் அழிந்தது? காசுதான். 1884-இல் மீண்டும் அரையிறுதி வரை வந்து, ஸ்காட்லாந்தின் குவீன்ஸ் பார்க்கிடம் 4-0 என்று தோற்றார்கள். அதே 1884-இலிருந்து ரோவர்ஸ் தொடர்ந்து மூன்று கோப்பை வென்றது. ஊர்ச் சனம் ஜெயிக்கிற பக்கம் போகும், நுழைவுக் கட்டணமும் அங்கேயே போய்ச் சேரும். 1885-இல் ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுப்பது சட்டப்படி சரி என்றானது. தொழிலாளி கால்பந்தாடிப் பிழைக்கலாம் என்ற கதவைத் தட்டியது ஒலிம்பிக். ஆனால் அது திறந்ததும், அதிகச் சம்பளம் கொடுக்க முடிந்த கிளப்புகளுக்குத்தான் ஆட்கள் போனார்கள். ஹன்டரே பிற்பாடு ரோவர்ஸ் பக்கம் போய்விட்டார்.

1888-இல் கால்பந்து லீக் பன்னிரண்டு கிளப்புகளோடு ஆரம்பித்தது. ஊருக்கு ஒரு கிளப்தான் என்ற நிலையில் பிளாக்பர்னுக்கு உரிய இடம் ரோவர்ஸுக்குப் போனது. அதோடு ஒலிம்பிக்கின் கதை முடிந்த மாதிரிதான். 1889 தொடக்கத்தில், இனி சம்பளம் தர முடியாது என்று அமெச்சூர் அணியாக மாறிப் பார்த்தார்கள். செப்டம்பரில் கிளப்பையே கலைத்துவிட்டார்கள். மைதானம் இருந்த இடத்தில் பின்னாளில் செயின்ட் மேரிஸ் கல்லூரி எழுந்தது.

கோப்பையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அன்றைய கோப்பை 20 பவுண்டுக்குச் செய்த சின்னப் பொருள். பார்ப்பதற்குத் தேநீர்க் கெட்டில் மாதிரி இருக்கிறதே என்று ஊர்க்காரர்கள் பேசிக்கொண்டார்களாம். இது லங்காஷயரில் நல்ல வீட்டில் இருக்கும், இனி லண்டனுக்குத் திரும்பாது என்று வார்பர்ட்டன் சொன்னதாகவும் ஒரு பேச்சு உண்டு. 1883-க்குப் பிறகு, அந்தக் கோப்பை இருந்த வரை, தெற்கத்தி அணி எதுவும் அதை வெல்லவே இல்லை. 1895-இல் ஆஸ்டன் வில்லா அதை வென்று வைத்திருந்தபோது, பர்மிங்ஹாமில் ஒரு காலணிக் கடைக் கண்ணாடிக்குள் காட்சிக்கு வைத்திருந்தார்கள். ஒரு ராத்திரி திருடன் கொண்டுபோய்விட்டான். கடைசி வரை கிடைக்கவில்லை.