மேசையைச் சுற்றிப் பதினான்கு பேர், நான் மட்டும் மௌனமாக

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

எனக்கு 22 வயது. 17 வயதில் பெற்றோருடன் திருநெல்வேலியிலிருந்து கலிபோர்னியா வந்தேன். நான்காண்டுக் கல்லூரிக்குக் கட்டணம் கட்ட அப்பாவால் இயலாததால், வீட்டுக்கு அருகிலிருந்த கம்யூனிட்டி கல்லூரியில் (குறைந்த கட்டணத்தில் முதல் இரண்டாண்டுப் படிப்பைத் தரும் கல்லூரி) சேர்ந்து, மாலையில் ஓர் இந்திய மளிகைக் கடையில் வேலை பார்த்தபடியே படித்து, நான்குக்கு 3.9 ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) பெற்றேன். சென்ற செப்டம்பரில், மாசசூசெட்ஸில் உள்ள ஒரு சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் (தொழிற்படிப்பைவிடப் பொதுக்கல்விக்கு முக்கியத்துவம் தரும் கல்லூரி) உதவித்தொகையுடன் மூன்றாம் ஆண்டில் சேர்ந்தேன். கணக்குப் பதிவியல் உட்பட நான் முன்பு படித்து முடித்த மூன்று பாடங்களின் கிரெடிட்டை (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் புள்ளிகள்) இங்கே ஏற்கவில்லை.

வகுப்பில் 14 பேர்தான். நீள்வட்ட மேசையைச் சுற்றி அமர்ந்து விவாதிக்கிறார்கள். நான் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் கோத்து முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விடுகிறது. முதல் வரலாற்றுக் கட்டுரைக்கு பி மைனஸ் என்ற சுமாரான மதிப்பெண்தான் கிடைத்தது. அதன் ஓரத்தில் பேராசிரியர் பென்சிலால், ‘இவை நூலாசிரியரின் கருத்துகள், உங்களுடையது எங்கே?’ என்று எழுதியிருந்தார். அந்தத் தாளை இழுப்பறையின் அடியில் வைத்திருக்கிறேன். மற்றவர்கள் முதலாண்டு முதலே நண்பர்கள். நான் இரவு உணவை அறைக்கு எடுத்துவந்து தனியாகச் சாப்பிடுகிறேன். என் அம்மா கேட்டால் ‘நல்லா இருக்கேன்’ என்கிறேன். வீட்டுக்கே திரும்பிப் போய்விடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்பு மகளுக்கு,

கடையில் நின்றுகொண்டே 3.9 எடுத்த பெண்ணுக்கு அந்த பி மைனஸ் எவ்வளவு வலித்திருக்கும் என்பது புரிகிறது. ஆனால், கல்லூரி மாறிய முதல் பருவத்தில் மதிப்பெண் சரிவது அமெரிக்காவில் நன்கு அறியப்பட்ட ஒன்று. ‘டிரான்ஸ்பர் ஷாக்’ என்ற பெயரில் 1965-லேயே அதைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். புதிய இடத்தின் முறை பழகப் பழக, பெரும்பாலோருக்கு அது சீராகிவிடுகிறது. நியூயார்க் மாநிலத்தின் வாசர் கல்லூரி, கம்யூனிட்டி கல்லூரி மாணவர்களைக் கோடையில் சில வாரங்கள் தன் வளாகத்திலேயே தங்கவைத்துப் படிக்கவைக்கும் திட்டத்தை 1985 முதல் நடத்துவதும் இந்தப் பழக்கத்துக்காகத்தான்.

இழுப்பறையில் இருக்கும் அந்தத் தாளை வெளியே எடு. ஒரு கட்டுரையை வரிவரியாகப் படித்து, உன் கருத்தைக் கேட்டு ஓர் ஆசிரியர் ஓரத்தில் எழுதுகிறார் என்றால், பதிலை எதிர்பார்த்துத்தான் எழுதுகிறார். வகுப்பு முடிந்ததும் கடைக்கு ஓடிய உனக்கு, ‘ஆபீஸ் ஹவர்ஸ்’ (பேராசிரியரை அவர் அறையில் சந்திக்க ஒதுக்கப்பட்ட நேரம்) என்பது தோற்றவர்கள் போகும் நேரம் என்று தோன்றியிருக்கலாம். சிறிய கல்லூரிகளில் பாதிப் படிப்பு அங்கேதான் நடக்கிறது. அந்தத் தாளோடு போய், ‘இந்தப் பத்தியில் என் கருத்து எந்த இடத்தில் வந்திருக்க வேண்டும்?’ என்று மட்டும் கேள். வகுப்பைப் பொறுத்தவரை, முந்தைய இரவே ஒரு கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டு, முதல் பத்து நிமிடத்துக்குள் அதை வாசித்துவிடு. நேரம் ஆக ஆகத் தயக்கம்தான் வளரும்.

கணக்குப் பதிவியலைத் தொழில்சார் பாடமாகக் கருதி இத்தகைய கல்லூரிகள் பல ஒதுக்கிவிடும். அதில் அதிகம் போராட வேண்டாம். மற்ற இரண்டுக்கும் பழைய பாடத்திட்டத்தையும் உன் கட்டுரைகளையும் எடுத்துக்கொண்டு துறைத் தலைவரைப் பார். கூடுதல் பருவம் தேவைப்பட்டால் உதவித்தொகை தொடருமா என்பதை இப்போதே எழுத்தில் கேட்டு வாங்கிவிடு. இதைத் தள்ளிப்போடாதே.

திரும்பிப் போகும் முடிவை இரண்டாம் பருவம் முடியும்வரை எடுக்க வேண்டாம். தூக்கமோ பசியோ கெட்டால் மட்டும் காத்திராமல் வளாகத்தின் ஆலோசனை மையத்துக்குப் போ. வாரத்தில் இரண்டு இரவாவது சாப்பாட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து சாப்பிடு. வேறு கல்லூரியிலிருந்து வந்தவர்கள் உன்னைத் தவிரவும் அங்கே இருப்பார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை அம்மா அழைக்கும்போது, அந்த பி மைனஸைப் பற்றிச் சொல். உன்னை அவ்வளவு தூரம் அனுப்பிவிட்டு, ‘நல்லா இருக்கேன்’ என்ற இரண்டு சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு அவரும் தவித்துக்கொண்டிருப்பார்.