லயத்து வீட்டுக்கு வந்து சேராத பார்சல்

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருக்கிறோம். முகவரி கிடைக்கவில்லை என்று பார்சல் திரும்பிப் போகிறது. என்ன வழி?

பதில்: 31100 என்ற அஞ்சல் எண் ஊரைத்தான் காட்டும், லயத்தை அல்ல. கூகுள் மேப்ஸில் செயற்கைக்கோள் படத்தை வைத்து, உங்கள் கூரையைப் பார்த்து விரலால் அழுத்திப் பிடியுங்கள். நீங்கள் நிற்கும் இடம் என்று மேப் காட்டும் புள்ளியை நம்பாதீர்கள். செம்பனை மரங்களுக்கடியில் ஜிபிஎஸ் தடுமாறும். அழுத்தியதும் கூட்டல் குறியோடு வரும் பிளஸ் கோட் (Plus Code) என்ற இடக் குறியீட்டை முகவரியின் முதல் வரியிலேயே எழுதுங்கள். அது சுமார் 14 மீட்டர் சதுரம். ஒட்டிய இரண்டு மூன்று வீடுகள் அதற்குள் அடங்கிவிடும், ஆகவே கதவு எண்ணும் வேண்டும். எந்த கேட் வழியாக வருவது என்றும் சொல்லிவிடுங்கள். மேப் சில வேளை பூட்டிக்கிடக்கும் செம்மண் பாதைக்குள் பார்சல்காரரின் மோட்டார் சைக்கிளை அனுப்பிவிடும். பகலில் வீட்டில் ஆளில்லையா? கடைக்காரரைக் கேட்டுக்கொண்டு மளிகைக் கடை முகவரியைக் கொடுப்பதே மேல்.