பால் ஒத்துக்கவில்லையா, பால் அலர்ஜியா? கேட்டவர்களுக்குப் பதில்

கும்பகோணம் பக்கம் குழந்தைகள் வார்டில் இருபது வருடத்துக்கு மேல் நர்ஸாக இருக்கிறேன். பால் சேராத பிள்ளைகளைப் பற்றிக் கேளுங்கள் என்றதும் நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

திருவாரூர், ஒரு அம்மா: அக்கா, மூன்று வயசுப் பையனுக்கு வயிற்றுப்போக்கு வந்து நின்று பத்து நாள் ஆச்சு. இப்போ பால் குடித்தால் வயிறு உப்பி, தண்ணியாக நுரையோடு போகிறான். அலர்ஜியா?

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அலர்ஜி மாதிரி இல்லை. பாலில் சர்க்கரையும் இருக்கிறது, புரதமும் இருக்கிறது. சர்க்கரையின் பெயர் லாக்டோஸ், அதைச் செரிக்க வைக்கும் லாக்டேஸ் என்ற நொதி சிறுகுடலின் உள்சுவரில்தான் சுரக்கிறது. வயிற்றுப்போக்கில் அந்தச் சுவர் புண்ணானால் நொதி கொஞ்ச நாளைக்குக் குறைந்துவிடும். செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய், இட்லி மாவு பொங்குகிற மாதிரி அங்கே புளித்துப் பொங்குகிறது. அதனால்தான் வாயு, நுரை, புளித்த வாடை. கழுவும்போது பார்த்தால் ஆசனவாயைச் சுற்றித் தோல் சிவந்து வெந்த மாதிரி இருக்கும். சுவர் ஆறியதும் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகச் சரியாகும். அதுவரை டம்ளர் பாலைக் குறைத்து, தயிர்சாதம் கொடுத்துப் பாருங்கள், நிறையப் பிள்ளைகளுக்குத் தயிர் தாங்கும். எடை குறைந்தாலோ, சிறுநீர் குறைந்து சோர்ந்தாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

பாபநாசம்: பத்து மாசக் குழந்தை. முதல் தடவை பால்சாதம் ஊட்டினோம், பத்து நிமிஷத்தில் முகமெல்லாம் தடிப்பு. மாமியார் உடம்புச் சூடு என்கிறார்.

சூடு இல்லைம்மா. இதே மாதிரி ஒரு குழந்தையை நேரில் பார்த்திருக்கிறேன், பாட்டி மடியில் உட்கார்ந்து இரண்டாவது வாய் வாங்கியபோதே பால் பட்ட உதட்டோரம் சிவந்து, கொசு கடித்த மாதிரித் திட்டுத்திட்டாகக் கன்னத்துக்கு ஏறி, பிறகு காதைப் பிய்த்துப் பிய்த்து அழுதது. இது புரதத்தை உடம்பு எதிரியாக நினைத்துப் பாய்வது, பால் அலர்ஜி. நிமிஷங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வரும். கடிகாரத்தையும் தோலையும் பாருங்கள்: லாக்டோஸ் தொந்தரவு வயிற்றோடு நின்றுவிடும், தடிப்போ உதடு வீக்கமோ அதில் வராது. கேசீன் என்ற பால் புரதம் கொதிக்க வைத்தாலும் போகாது, அதனால் "நல்லாக் காய்ச்சிக் கொடுத்தோமே" என்பது உதவாது. டாக்டரைப் பார்க்கும் வரை பால், தயிர், வெண்ணெய், நெய், பால் கலந்த பிஸ்கட் எதுவும் வேண்டாம். மூச்சு வாங்கினாலோ, குரல் கம்மினாலோ, குழந்தை துவண்டாலோ கைவைத்தியத்தில் ஒரு நிமிஷம்கூடப் போக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த நேரத்தில் உயிரைக் காப்பது தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான்.

வலங்கைமான்: இரண்டு மாசப் பாப்பா, தாய்ப்பால் மட்டும்தான். மலத்தில் சளியும் ரத்தக் கோடும். லாக்டோஸ் ஒத்துக்கவில்லை, தாய்ப்பாலை நிறுத்து என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.

நிறுத்தவே நிறுத்தாதீர்கள், இந்தப் பேச்சைக் கேட்டு நல்லாப் பால் சுரந்த எத்தனையோ அம்மாக்கள் பவுடர் பாலுக்குப் போனதைப் பார்த்து மனசு ஆறவே இல்லை எனக்கு. பிறவியிலேயே லாக்டேஸ் இல்லாத குழந்தை மிக மிக அரிது. ரத்தம் லாக்டோஸ் தொந்தரவின் அடையாளமும் இல்லை. முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், மலத்தில் ரத்தம் வர வேறு காரணங்களும் உண்டு. இது நிதானமாக வருகிற வகைப் பால் அலர்ஜி என்று அவர் நினைத்தால், நீங்கள் சாப்பிடும் பால் பொருள்களை இரண்டிலிருந்து நான்கு வாரம் நிறுத்தச் சொல்வார். காபியில் ஊற்றும் பாலும் மோரும் அதில் சேரும், காலையில் ஒரு டம்ளர் டிகிரி காபி இல்லாமல் நம் ஊரில் விடியாது என்று தெரியும், ஆனாலும் அந்த ஒரு டம்ளரே முழுக் கணக்கையும் குழப்பிவிடும். ரத்தம் குறைந்தால், பிறகு பால் பொருள்களைத் திரும்பச் சேர்த்துப் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். கேழ்வரகும் நெத்திலியும் சாப்பிடுங்கள், கால்சியம் மாத்திரை வேண்டுமா என்று கேளுங்கள். இன்னொன்று, நீங்கள் பால் பொருள்களை நிறுத்தினால் தாய்ப்பாலில் பசும்பால் புரதத்தின் தடயம்தான் போகும். லாக்டோஸ் குறையாது, அது தாய்ப்பாலின் இயல்பு.

மயிலாடுதுறை, ஒரு பாட்டி: பசும்பால் சேரலைன்னா ஆட்டுப்பால் கொடுக்கலாமா? தெருவில் கழுதைப்பால் வேற வருதே?

அம்மா, ஆட்டுப்பால், எருமைப்பால் இரண்டின் புரதமும் பசும்பால் புரதத்தைப் போலவே இருப்பதால் அலர்ஜிப் பிள்ளைக்கு அவையும் பெரும்பாலும் சேராது. லாக்டோஸ் தொந்தரவுக்கும் பிரயோஜனமில்லை, எல்லாப் பாலிலும் அந்தச் சர்க்கரை உண்டு. கழுதைப்பாலைச் சங்கில் கறந்து காய்ச்சாமலே வாயில் விடுகிறார்கள், கைக்குழந்தைக்குக் கிருமித் தொற்றுதான் வரும். வேண்டாம்மா.

தஞ்சாவூர்: கடையில் லாக்டோஸ் இல்லாத பால் விற்கிறார்களே, அலர்ஜிக்கு ஆகுமா?

ஆகாது. சர்க்கரையைத்தான் உடைத்திருக்கிறார்கள், புரதம் அப்படியே இருக்கிறது.

நாகப்பட்டினம்: ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடுமா?

உடனே தடிப்பு வரும் வகைக்கு ரத்தப் பரிசோதனையும் தோலில் குத்திப் பார்ப்பதும் உதவும், ஆனால் வீட்டில் நடந்ததோடு சேர்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார். நிதானமாக வரும் வகை அவற்றில் சிக்காது, நிறுத்திப் பார்த்துச் சேர்த்துப் பார்ப்பதுதான் வழி. அதனால் என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரத்தில் என்ன ஆனது என்று எழுதுங்கள், தடிப்பை போனில் படம் எடுங்கள். ஆஸ்பத்திரி வருவதற்குள் அது மறைந்தே போயிருக்கும்.

மன்னார்குடி: பால் அலர்ஜி உள்ள நாலு வயசுப் பெண். கோயில் வெண்ணெய்த்தாழித் திருவிழாவுக்குக் கூட்டிப் போகலாமா? இது எப்போதான் போகும்?

பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போகும் வயதையொட்டிப் போய்விடுகிறது, சிலருக்கு இன்னும் தள்ளும். போய்விட்டதா என்று வீட்டில் சோதிக்காதீர்கள், டாக்டர் முன்னால்தான். பெருமாள்மேல் எறிகிற வெண்ணெய் கூட்டத்தில் எல்லார்மேலும் தெறிக்கும், அதிலும் புரதம் உண்டு, பட்ட இடத்தில் தடிக்கலாம், கையில் பட்டு வாய்க்கும் போகலாம். பல்லக்கு பக்கத்தில் போகாமல் தள்ளி, தோளில் தூக்கிக்கொண்டு காட்டுங்கள். மாற்றுச் சட்டை, ஒரு பாட்டில் தண்ணீர், டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து மூன்றும் பையில் இருக்கட்டும். யாராவது பாசத்தில் வெண்ணெயைக் குழந்தை வாயில் வைக்க வருவார்கள், அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.