போஸ்டரின் பின்பக்கம்

அன்புள்ள அண்ணா,

பழைய சினிமா நோட்டீஸ்களைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தபிறகுதான் இதை எழுதும் தைரியம் வந்தது. எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். என் பெரியப்பா சிறுவயதிலிருந்தே ஒரு டாக்கீஸில் போஸ்டர் ஒட்டும் வேலை பார்த்தவர். இப்போது 78 வயது. டாக்கீஸ் கல்யாண மண்டபமாகிப் பல வருஷம் ஆயிற்று. ஒட்டியது போக மிஞ்சிய போஸ்டர்களை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து டிரங்குப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறார். நானூறுக்கு மேல் இருக்கும். தமிழ்ப் படம், மலையாளப் படம், சர்க்கஸ், நாடகம், தேர்த் திருவிழா, கட்சிக் கூட்டம் என்று எல்லாம் கலந்து கிடக்கின்றன.

கோவையிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். எம்.ஜி.ஆர்., சிவாஜி, பிரேம் நசீர் படம் போட்டதில் நாற்பதை மட்டும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி நல்ல விலையும் சொன்னார். மற்றதெல்லாம் பழைய பேப்பர் என்றார். தம்பி கொடுத்துவிடலாம் என்கிறான். பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. லேமினேட் செய்துவிட்டால் நூறு வருஷம் இருக்கும் என்று இன்னொருவர் சொல்கிறார். எனக்கு இரண்டை ஃப்ரேம் போட்டுக் கூடத்தில் மாட்ட ஆசை. என்ன செய்யலாம்? யாரிடம் கொடுக்கலாம்? நாலு படம் அனுப்பியிருக்கிறேன். என் பெயரைப் போட வேண்டாம்.

ம.

*

அன்புள்ள ம.,

அந்த நாற்பதைக் கொடுக்காதீர்கள். லேமினேஷனும் வேண்டாம். இந்த இரண்டையும் முதலில் சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பிறகு பார்ப்போம்.

நீங்கள் அனுப்பிய மூன்றாவது படம், போஸ்டரைத் திருப்பிப்போட்டு எடுத்தது. தவறுதலாக எடுத்தீர்களோ என்னவோ, எனக்கு அதுதான் நாலிலும் பெரிது. பென்சிலில் ஒரு கணக்கு இருக்கிறது: வேலந்தாவளம் 6, ஒழலப்பதி 4, எருத்தேம்பதி 5, நாட்டுக்கல் 8, பிச்சனூர் 3. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு டிக். அடியில், மைதா 2 கிலோ, துத்தம் என்று பசைக்கான சாமான்; துத்தம் பூச்சி அரிக்காமலிருக்கக் கலப்பது. உங்கள் பெரியப்பா எந்த ஊரில் எத்தனை ஒட்ட வேண்டும் என்று எழுதிவைத்து, ஒட்டி முடித்ததும் டிக் அடித்திருக்கிறார்.

ஒரு சின்ன ஊர் டாக்கீஸுக்கு எங்கிருந்தெல்லாம் ஆள் வந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. பிச்சனூர் தமிழ்நாட்டில் இருக்கிறது. 1956 நவம்பரில் மாநிலங்களைப் பிரித்துக் கோடு போட்டார்கள். அதற்கெல்லாம் பிறகு வந்த படத்துக்கு உங்கள் பெரியப்பா பசை வாளியோடு கோட்டைத் தாண்டிப்போய் மூன்று போஸ்டர் ஒட்டியிருக்கிறார். அந்த ஊர்க்காரர்கள் கேரளத்துக்கு வந்து தமிழ்ப் படம் பார்த்திருக்கிறார்கள். எந்த அரசாங்கப் பதிவிலும் இது இருக்காது.

இப்போது அதே போஸ்டரின் முன்பக்கம். தமிழ்ப் படம், ஆனால் பெயரை மலையாள எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். அடியில் தியேட்டர் பெயரும் காட்சி நேரமும் போட்ட துண்டுத்தாளை ஒட்டியிருக்கிறார்கள். அந்தத் தாள் தமிழில் இருக்கிறது! படக் கம்பெனிக்கு உங்கள் ஊர் கேரளம். தியேட்டர்காரருக்கோ தன் ஊரில் யார் எதைப் படிப்பார்கள் என்று தெரிந்திருக்கிறது. இதைப் பெரியப்பாவிடம் அவசியம் கேளுங்கள்: எந்த ஊருக்குத் தமிழ் எழுத்துப் போஸ்டர், எந்த ஊருக்கு மலையாள எழுத்துப் போஸ்டர் போயிற்று? அதை யார் முடிவு செய்தார்கள்? முதலாளியா, மேனேஜரா, இல்லை அவரேயா?

கோவைக்காரர் வந்து நாற்பதை உருவிக்கொண்டு போனால் இதெல்லாம் போய்விடும். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு வேண்டியது நட்சத்திரத்தின் முகம். எம்.ஜி.ஆர். முகத்துக்கு உங்கள் பக்கம் விலை கூடத்தான் செய்யும். அவர் குடும்பத்து வீடு இருக்கும் வடவன்னூர் உங்கள் சித்தூர் தாலுகாதானே. ஆனால் பெரிய நடிகரின் பட போஸ்டரை ஊர் ஊராக ஒட்டுவதற்கென்று நிறைய அடித்திருப்பார்கள். இன்னொரு பிரதி புனே, சென்னை ஆவணக் காப்பகங்களிலோ யாரோ ஒரு சேகரிப்பாளர் வீட்டிலோ இருக்க வாய்ப்புண்டு. உங்கள் ஊர்த் தேர்த் திருவிழா நோட்டீஸும், பொட்டலில் கூடாரம் போட்ட சர்க்கஸின் போஸ்டரும் எத்தனை அடித்திருப்பார்கள்? பெட்டியில் இருப்பதுதான் மிஞ்சிய ஒரே பிரதி என்றால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். பழைய பேப்பர் என்று அவர் ஒதுக்கியதுதான் கிடைக்காத சரக்கு.

இந்த நோட்டீஸெல்லாம் எங்காவது நூலகத்தில் இருக்காதா என்று தம்பி கேட்கக்கூடும். இருக்காது. 1954-ஆம் வருஷத்துச் சட்டப்படி இந்தியாவில் புத்தகம் வெளியிடுபவர் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் ஆளுக்கொரு பிரதி அனுப்ப வேண்டும். பிறகு செய்தித்தாள்களையும் அதில் சேர்த்தார்கள். சுவரில் ஒட்டும் போஸ்டருக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. வெயிலும் மழையும் மாடும் போக மிஞ்சுவது யாராவது தனி ஆள் எடுத்துவைத்தால்தான் உண்டு.

அப்படி எடுத்துவைத்த ஒருவர்தான் கோட்டையூர் ரோஜா முத்தையா. புத்தகத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் குப்பையில் போட்டதையும் சேர்த்தார். 1992-இல் அவர் காலமானபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாமல் 1994-இல் சென்னையிலேயே நூலகமாக்கினார்கள். தொகுப்பு முழுசாக ஒரே இடத்தில் இருந்ததால்தான் இன்றைக்கு அது ஆராய்ச்சிக்குப் பயன்படுகிறது. நல்லதை மட்டும் பொறுக்கி நாலு பேருக்கு விற்றிருந்தால் அந்தக் கல்யாணப் பத்திரிகைகளை யார் காப்பாற்றியிருப்பார்கள்?

படமே அழிந்துபோய்க் காகிதம் மட்டும் நிற்பதும் உண்டு. மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்', 1938-இல் வந்தது. தயாரித்தவர் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம். அதன் படச்சுருள் இன்று இல்லை. சில ஸ்டில்களும் பாட்டுப் புத்தகமும்தான் மிச்சம். இரண்டு மொழிக்காரர்களுக்கும் சொந்தமான அந்த வரலாற்றைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது கையடக்கமான ஒரு பாட்டுப் புத்தகம்.

சரி, செய்ய வேண்டியதற்கு வருகிறேன்.

பெட்டியில் இப்போது எந்த வரிசையில் இருக்கிறதோ அந்த வரிசையைக் கலைக்காதீர்கள். தமிழ் ஒரு பக்கம், மலையாளம் ஒரு பக்கம், நடிகர் வாரியாக என்று அடுக்கத்தான் கை போகும். வேண்டாம். பெரியப்பா வாரா வாரம் மேலே மேலே போட்டிருந்தால் அந்த அடுக்கே ஒரு நாட்குறிப்பு. எந்த மலையாளப் படத்துக்கு அடுத்து எந்தத் தமிழ்ப் படம் ஓடியது, நடுவில் எந்தத் தேர்தல் வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, பின்பக்க மூலையில் மெல்லிய பென்சிலால் எண் போடுங்கள். பேனா கூடாது, ஸ்டிக்கரும் கூடாது. ஒவ்வொன்றையும் நிழலில், நேர் மேலிருந்து, முன்னும் பின்னும் படமெடுங்கள். ஓரத்தில் ஒரு ஸ்கேல் இருக்கட்டும்.

மடித்தே பல வருஷம் கிடந்த தாளை நிமிர்த்துவதற்கும் நேரம் காலம் உண்டு. உங்கள் பக்கம் மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாயில் அடிக்கும் காய்ந்த காற்றில் பழைய காகிதம் அப்பளம்போல் நொறுங்கும். ஆடி மழையில் திறந்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். மழை ஓய்ந்து காற்று எழும்புவதற்கு முன்னால் கொஞ்ச நாள் கிடைக்குமே, அப்போது செய்யுங்கள். மடிப்பில் விட்டுப்போயிருந்தால் விட்டுப்போனபடியே இருக்கட்டும். செல்லோடேப் ஒட்டவே கூடாது. அதன் பசை பழுப்பேறித் தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு எடுக்க முடியாது. லேமினேஷன் அதைவிட மோசம். சூட்டில் உருக்கி ஒட்டியதைப் பிரிக்க வழியில்லை. காகிதத்துக்குள் இருக்கும் அமிலம் பிளாஸ்டிக்குக்குள் அடைபட்டபடியே தாளைத் தின்றுகொண்டிருக்கும். துணியில் ஒட்டித் தருகிறேன் என்று யாராவது வந்தால் பென்சில் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஒட்டிவிட்டால் பின்பக்கம் ஏது?

உங்கள் நாலாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். துண்டுத்தாள் ஒட்டிய இடத்தில் மட்டும் காகிதம் அரித்திருக்கிறது. ராமபாணப் பூச்சிக்கு வேண்டியது மைதா. துத்தம் கலந்தும் அங்கே அது வேலையைக் காட்டியிருக்கிறது. அதனால் துண்டு ஒட்டியவற்றை மட்டும், வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு, தனி உறையில் வையுங்கள். அமிலமில்லாத காகிதம் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் கஞ்சி போடாத வெள்ளைப் பருத்தித் துணி போதும். பெட்டியில் துரு இருக்கிறதா பாருங்கள். தரையிலும் வைக்காமல் சுவரிலும் சாய்க்காமல் பலகைமேல் வையுங்கள்.

எந்த வருஷத்துப் போஸ்டர் என்று கண்டுபிடிக்கப் படம் வெளிவந்த வருஷத்தை நம்பாதீர்கள். உங்கள் டாக்கீஸ் மாதிரி இடங்களுக்குப் படம் தாமதமாகத்தான் வரும்; பழைய படத்தைத் திரும்பப் போடும்போது புதுசாகவும் போஸ்டர் அடிப்பார்கள். கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும். 1867-ஆம் வருஷத்து அச்சகச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருந்தது. பலதில் சிவகாசி என்றிருக்கும். மலையாளப் போஸ்டர்களும் அங்கே அடித்தவைதான் ஏராளம். முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட்டுக்குப் பிந்தியது.

எல்லைப்புறத்துப் போஸ்டருக்கு மட்டும் கூடுதலாக ஒரு வசதி உண்டு. மலையாள எழுத்துச் சீர்திருத்தம் 1971-இல் வந்தது, தமிழில் 1978-இல். ஒரே போஸ்டரில் இரண்டு எழுத்தும் இருந்தால் இரண்டையும் வைத்துப் பாருங்கள். மலையாளத்தில் புது முறைப்படி உகரக்குறி எழுத்தோடு ஒட்டாமல் தனியாகப் பிரிந்து, தமிழில் லை, னை இன்னும் பழைய துதிக்கைக் கொம்போடு இருந்தால் பெரும்பாலும் எழுபதுகள். ஓவியர் கையால் எழுதிய தலைப்புக்கு இது செல்லாது, அவர் பழகிய மாதிரிதான் எழுதுவார். அச்சுக்கோத்த பொடி எழுத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் பெரியப்பாவை உட்காரவைத்துப் போனில் பதிவு செய்யுங்கள். காகிதம் இன்னும் பத்து வருஷம் தாங்கும். 78 வயதுக்காரரைக் காத்திருக்க வைக்கக் கூடாது. ஒவ்வொரு போஸ்டராகக் கையில் கொடுத்துப் பேசவிடுங்கள். எந்தச் சுவருக்கு யாரிடம் அனுமதி கேட்டார், அடுத்த தியேட்டர்காரர் மேலே ஒட்டினால் என்ன நடந்தது, கூலி தாள் கணக்கா நாள் கணக்கா, பசையை எங்கே காய்ச்சினார்? அவர் ஒன்றும் பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். விற்பதா வேண்டாமா என்று அவரை யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள் என்று நினைக்கிறேன். பெட்டி அவருடையது. நான் இவ்வளவு சொன்னாலும் கடைசி வார்த்தை அவருடையதாக இருக்கட்டும்.

எங்கே கொடுப்பது? உடனே கொடுக்க வேண்டியதில்லை, முதலில் படமெடுத்துப் பட்டியல் போட்டு முடியுங்கள். அப்புறம் ரோஜா முத்தையா நூலகத்துக்கு எழுதலாம். புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் போஸ்டர், பாட்டுப் புத்தகம், ஸ்டில் எல்லாவற்றையும் சேர்க்கும் இடம்தான். அதை வளர்த்தெடுத்த பி.கே.நாயர் திருவனந்தபுரத்துக்காரர். ஆனால் அங்கே சினிமாவை மட்டும் எடுத்துக்கொண்டு சர்க்கஸையும் தேரையும் திருப்பி அனுப்பினால் நாம் பயந்தது நடந்துவிடும். அதனால் எங்கே கொடுத்தாலும் எழுத்தில் வாங்குங்கள்: தொகுப்பைப் பிரிக்கக் கூடாது, பெரியப்பாவின் பெயரில் இருக்க வேண்டும், முழு ஸ்கேனும் ஒரு பிரதி உங்களுக்கு வர வேண்டும். அந்த ஸ்கேனில் ஒரு பிரதியை உங்கள் ஊர் வாசகசாலைக்குக் கொடுங்கள். கேரளத்தில் ஊருக்கு ஊர் வாசகசாலை இருப்பது எவ்வளவு பெரிய வசதி! எருத்தேம்பதிக்காரர் தன் ஊர்ப் பழைய போஸ்டரைப் பார்க்கச் சென்னைக்குப் போக வேண்டுமா என்ன?

கூடத்தில் மாட்டுவதற்கு நகல் போதும். வெயிலில் கிடந்த போஸ்டர்கள் நீலம் பாரித்துப்போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சளும் சிவப்பும் முதலில் வெளுத்துவிடும், நீலமும் கறுப்பும்தான் நிற்கும். வீட்டுக்குள் ஜன்னல் வெளிச்சத்திலும் மெதுவாக அதுதான் நடக்கும். ஸ்கேன் செய்து கோவையிலோ பாலக்காட்டிலோ அதே அளவில் அச்சடித்து ஃப்ரேம் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மாட்ட இடமிருக்கிறது என்றால் ஒன்று பெரியப்பாவுக்குப் பிடித்த படமாக இருக்கட்டும், இன்னொன்றுக்கு அந்த மூன்றாவது போஸ்டரின் பின்பக்கத்தைப் போடுங்கள்.

அன்புடன்