ஃபாயில் போர்டு டிராக் ஓரத்து விரிசல்: மறுபடி பாலியெஸ்டர் ஊற்றாதீர்கள்

வணக்கம் நண்பரே. ஃபாயில் போர்டில், அதாவது அடியில் கம்பமும் இறக்கையும் பூட்டி நீருக்கு மேலே எழும்பி ஓடும் சறுக்குப்பலகையில், அந்தக் கம்பத்தைப் பூட்டும் டிராக் ஓரத்து விரிசலில் பாலியெஸ்டர் ரெசின் ஊற்றினேன், ஓட்டை இன்னும் பெரிதாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அது கைத்தவறு இல்லை. உள்ளே இருப்பது இ.பி.எஸ். நுரை, நம் தெர்மாகோல் இனம். பாலியெஸ்டரில் இருக்கும் ஸ்டைரீன் அதைக் கரைத்துவிடும். இதற்கு எப்பாக்ஸி ரெசின்தான்.

முதலில் உள்ளே போன தண்ணீர் வடிந்து காய வேண்டும். விரிசல் கீழே பார்க்கிற மாதிரி நிழலில் சாய்த்து வையுங்கள். சாட்ஸ்வர்த்தில் (தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு பகுதி) என் கராஜில் ஒரு போர்டு மூன்று வாரம் சொட்டியது. நாக்கில் வைத்தால் உப்பு. டர்பன் வெயிலில் மட்டும் வைக்காதீர்கள், உள்காற்று விரிந்து மேல்தோல் உப்பிவிடும்.

பிறகு கரைந்ததையெல்லாம் நல்ல வெள்ளை மணிகள் தெரியும்வரை சுரண்டுங்கள். குழியில் அடர்த்தியான பி.வி.சி. நுரைத் துண்டைப் பதித்து, மேலே இரண்டு மூன்று அடுக்கு கண்ணாடி இழைத் துணி போடுங்கள். மாஸ்ட், அதாவது அந்தக் கம்பம், நெம்புகிற விசை முழுக்க அங்கேதான் விழுகிறது. வெறும் ரெசின் நிரப்பினால் மறுபடி விரியும். சாயங்காலம் சூடு இறங்கும்போது பூசுங்கள். காலையில் பூசினால் வெயில் ஏற ஏற நுரைக்குள்ளிருந்து காற்று கிளம்பி, குமிழி குமிழியாக நிற்கும். நம் ஊர் ஈரக்காற்றில், இறுகிய எப்பாக்ஸி மேல் மெழுகு மாதிரி ஒரு பிசுக்கு படியும். தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்த பிறகே உப்புத்தாள் போடுங்கள்.

டிராக்கே ஆடுகிறது என்றால் படம் போடுங்கள், அது வேறு வேலை.