குளிர் நகரத்துக்குக் குழந்தைகளோடு: வாசகர் கேள்விகளும் எங்கள் பதில்களும்

குளிர்காலத்தில் சின்னக் குழந்தைகளோடு வெளிநாட்டு நகரம் ஒன்றுக்கு நான்கைந்து நாள் போய்வரத் திட்டமிடும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பொதுவான ஏழு கேள்விகள் இந்த இதழில்.

கேள்வி: மூத்தவளுக்கு 5 வயது, சின்னவனுக்கு 14 மாதம். டிசம்பர் கடைசியில் நான்கு நாள் ஐரோப்பாவில் ஏதாவது ஒரு நகரத்துக்குப் போகலாம் என்று நினைக்கிறோம். எதை வைத்து ஊரைத் தேர்ந்தெடுப்பது?

எவ்வளவு குளிரும் என்பதைப் பிறகு பார்க்கலாம். எத்தனை மணிக்கு இருட்டும் என்பதை முதலில் பாருங்கள். டிசம்பர் கடைசியில் ஹெல்சிங்கியில் பகல் வெளிச்சம் 6 மணி நேரம்கூட இருக்காது. காலை 9.20-க்கு மேல் விடிந்து, பிற்பகல் 3.15 வாக்கில் சூரியன் போய்விடும். லண்டனில் 4 மணியை ஒட்டி மறையும். ரோமில் 4.40 வரை வெளிச்சம் கிடைக்கும். உங்கள் சின்னவன் மதியம் 12.30-க்குத் தூங்கி 2.30-க்கு எழுகிறவனாக இருந்தால், ஹெல்சிங்கியில் அவன் எழுந்து, பால் குடித்து, உடுத்தி வெளியே வரும்போது இருட்டியிருக்கும். விளக்கு அலங்காரம் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் அது நல்லதே. பூங்காவில் ஓடி விளையாட என்றால் தெற்கே போங்கள்.

அடுத்து பார்க்க வேண்டியது மழை. 2 டிகிரியில் தூறல் விழும் ஊரைவிட, மைனஸ் 5-இல் காய்ந்து கிடக்கும் ஊர் குழந்தைக்கு எவ்வளவோ மேல். அசையாத காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் சூட்டைக் கடத்திவிடும். நனைந்த சாக்ஸோடு இருக்கும் குழந்தை கால் மணி நேரத்தில் சிணுங்க ஆரம்பிப்பது அதனால்தான்.

பிறகு லிஃப்ட். பாரிஸ் மெட்ரோவின் பழைய நிலையங்கள் பெரும்பாலானவற்றில் லிஃப்ட் கிடையாது, தள்ளுவண்டியைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டும். அங்கே போனால் பேருந்தையே நம்புங்கள். வியன்னா மெட்ரோவில் இந்தத் தொல்லை இல்லை.

விடுமுறை நாள்களையும் பார்த்துவிடுங்கள். டிசம்பர் 25 அன்று லண்டனில் பேருந்தும் ஓடாது, பாதாள ரயிலும் ஓடாது. ஐரோப்பாவில் பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை, பாரிஸின் லூவ்ருக்குச் செவ்வாய். நான்கு நாளில் ஒரு நாள் இப்படிப் போனால் கால்வாசிப் பயணம் போனது போல.

தங்கும் இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். நான்கு இரவும் ஒரே இடம், ஊரின் நடுவில், மதியத் தூக்கத்துக்குப் பத்து நிமிடத்தில் திரும்பிவிடும் தூரத்தில். கட்டடத்தில் லிஃப்ட், அறையில் துணி துவைக்கும் இயந்திரம், ஈரத் துணியைத் தொங்கவிட இடம், இந்த மூன்றும் இருந்தால் ஜன்னலிலிருந்து என்ன தெரிகிறது என்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

கேள்வி: எத்தனை அடுக்கு உடை? கனமான ஜாக்கெட் ஒன்று வாங்கினால் போதாதா?

போதாது. உடலைச் சூடாக வைப்பது துணிகளுக்கு நடுவே சிக்கி நிற்கும் காற்று. ஒரே கனமான ஜாக்கெட்டைப் போட்டுவிட்டால் கடைக்குள் போனதும் வேர்க்கும். வெளியே வந்ததும் அந்த வேர்வையே குளிரும்.

தோலை ஒட்டிய உள்ளடுக்கு மெரினோ கம்பளியாகவோ பாலியஸ்டர் தெர்மலாகவோ இருக்கட்டும். பருத்தி வேண்டாம். வீட்டில் குழந்தைக்குப் பருத்திதான் நல்லது என்று பழகிவிட்டோம், ஆனால் குளிரில் அது வேர்வையை உறிஞ்சி ஈரமாகவே வைத்திருக்கும். இரண்டாவது அடுக்கு ஃப்ளீஸ் (மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை) அல்லது கம்பளி. மூன்றாவது, காற்றும் தண்ணீரும் புகாத ஜாக்கெட். மூத்தவளுக்குத் தெர்மல் பேன்ட்டுக்கு மேல் தண்ணீர் புகாத பேன்ட் ஒன்று கட்டாயம் வேண்டும், பனியைக் கண்டதும் அவள் முதலில் உட்காரத்தான் போகிறாள். சின்னவனுக்குத் தலை முதல் கால் வரை ஒரே துண்டாக வரும் பனி உடை நல்லது. முதுகுப் பக்கம் மேலே ஏறி இடுப்பு தெரிவதில்லை.

தள்ளுவண்டியில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு நடக்கிற உங்களைவிட ஓர் அடுக்கு கூடுதலாகப் போடுங்கள். ஓடியாடும் குழந்தைக்கு உங்கள் அளவே போதும்.

கையுறையில் ஐந்து விரலும் தனித்தனியாக இருப்பதைத் தவிருங்கள். நான்கு விரலும் ஒரே பைக்குள் போகிற மிட்டன்தான் சூடு, போடுவதும் எளிது. இரண்டையும் ஒரு நாடாவில் கோத்து ஜாக்கெட் கைகளுக்குள் விட்டுவிட்டால் தொலையாது. பின்னல் மிட்டனாக இருந்தால் அதை முதலில் மாட்டிவிட்டு ஜாக்கெட் கையை அதன்மேல் இழுத்துவிடுங்கள், மணிக்கட்டில் இடைவெளி இருக்காது. நீளக் கழுத்துள்ள பனி மிட்டன் என்றால் அதை ஜாக்கெட் கைக்கு வெளியே இழுத்துவிட வேண்டும். கழுத்துக்குத் தொங்கும் மஃப்ளர் வேண்டாம், சறுக்கு மரத்திலோ தள்ளுவண்டிச் சக்கரத்திலோ மாட்டிக்கொண்டால் கழுத்தை இறுக்கும். வளையம் போலத் தலைவழியாக மாட்டுவதை வாங்குங்கள்.

பூட்ஸில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். இரண்டு சாக்ஸ் போட்டு இறுக்கமான பூட்ஸில் காலைத் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். பூட்ஸுக்குள் இருக்கும் அட்டையை வெளியே எடுத்து, தடித்த சாக்ஸ் போட்ட காலை அதன்மேல் வைத்துப் பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் மிஞ்ச வேண்டும்.

நான்கு நாளுக்கு ஒரு குழந்தைக்கு: தெர்மல் மூன்று ஜோடி, ஃப்ளீஸ் இரண்டு, ஜாக்கெட் ஒன்று, நீர்புகாப் பேன்ட் ஒன்று, மிட்டன் மூன்று ஜோடி, தொப்பி இரண்டு, சாக்ஸ் நாளுக்கு இரண்டு ஜோடி. மிட்டனும் சாக்ஸும் குறைந்தால்தான் திண்டாட்டம், சட்டை குறைந்தால் சமாளிக்கலாம்.

கிளம்பும்போது உடுத்தும் வரிசையும் முக்கியம். முதலில் இருவருக்கும் டயப்பர், கழிப்பறை வேலை முடியட்டும். பிறகு பெரியவர்கள் ஜாக்கெட் தவிர எல்லாவற்றையும் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்து மூத்தவள். கடைசியாகத்தான் சின்னவன். பனி உடை போட்டவனைச் சூடான அறையில் பத்து நிமிடம் வைத்திருந்தால் உள்ளே நனைந்துவிடுவான், அன்றைய குளிர் அங்கேயே தொடங்கிவிடும்.

கேள்வி: தள்ளுவண்டியா, நெஞ்சில் கட்டும் கேரியரா?

14 மாதக் குழந்தைக்கு இரண்டும் வேண்டும். பகலில் நீண்ட நேரம் தூங்கவும், கழற்றிய துணிகளை அள்ளிப்போடவும் தள்ளுவண்டி. படிக்கட்டு, கூட்டம், கரடுமுரடான கல் பாதை ஆகியவற்றுக்குக் கேரியர். குடை போல மடியும் சின்னச் சக்கர வண்டி விமானத்துக்கு வசதி, சேறு கலந்த பனியில் அது நகராது. சக்கரம் பெரிதாக, காற்றடித்ததாக இருந்தால் நல்லது. பனியில் மாட்டிக்கொண்டால் முன்னால் தள்ளாதீர்கள், வண்டியைத் திருப்பிப் பின்னால் நடந்தபடி இழுங்கள்.

வண்டிக்குள் பொருத்தும் கம்பளிப் பையில் வார்கள் வெளியே வரத் துளைகள் இருக்கிறதா என்று பாருங்கள். வார் பைக்கு மேலே போனால் குழந்தை உள்ளே வழுக்கும். மழை உறையைக் காற்று போக இடம்விட்டுப் போடுங்கள், கடைக்குள் நுழைந்ததும் எடுத்துவிடுங்கள். குழந்தை தூங்கினாலும் சரி, உள்ளே போனால் தொப்பியைக் கழற்றி, ஜிப்பைத் திறந்துவிட வேண்டும். எழுந்துவிடுவானே என்று விட்டுவிடாதீர்கள். பச்சைக் குழந்தைகளுக்கு அதிகச் சூடு குளிருக்குச் சமமான ஆபத்து.

கேரியரில் உங்கள் உடல் சூடும் சேர்வதால் சின்னவனுக்குக் கனமான பனி உடை வேண்டாம். ஆனால் கால்சட்டை மேலே ஏறிக் கணுக்கால் வெளியே தெரியும், முழங்கால் வரை வரும் சாக்ஸ் போடுங்கள். முகம் எப்போதும் உங்களுக்குத் தெரிய வேண்டும், ஜாக்கெட்டுக்குள் மூடிவிடக் கூடாது. பனிக்கட்டி படிந்த நடைபாதையில் கேரியரோடு நடக்கும் பெரியவருக்குப் பிடிப்புள்ள ஷூ இல்லையென்றால் கேரியரை எடுக்கவே எடுக்காதீர்கள்.

கேள்வி: ஒரு நாளில் எத்தனை இடம் பார்க்கலாம்?

இரண்டு. காலையில் வெளியே ஒன்று, தூங்கி எழுந்தபின் உள்ளே ஒன்று. வெளிச்சம் குறைவு என்பதால் காலை நேரத்தைக் கடைக்கும் அறைக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

வெளியே தொடர்ந்து இருப்பதை 45 நிமிடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு உள்ளே போய்க் கால் மணி நேரம் சூடேறிவிட்டு மீண்டும் வரலாம். அதனால் முதலில் உள்ளே ஒதுங்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அதைச் சுற்றி வெளியே பார்க்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பலருக்கும் தோன்றாத இரண்டு இடங்கள்: நூலகமும் கண்ணாடித் தாவர மாளிகையும். ஹெல்சிங்கியில் 2018-இல் திறந்த ‘ஓடி’ (Oodi) என்ற நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது, நுழைவுக் கட்டணம் இல்லை. வியன்னாவின் ஷோன்புரூன் அரண்மனைத் தோட்டத்தில் உள்ள பனை மாளிகை, லண்டன் கியூ தோட்டத்தின் கண்ணாடி மாளிகை இரண்டிலும் வெளியே உறைந்தாலும் உள்ளே வெப்பமண்டலம். உள்ளே நுழையும் முன்பே ஃப்ளீஸைக் கழற்றிவிடுங்கள்.

குளிரில் குழந்தைகள் தாகம் என்று கேட்பதில்லை. ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் ஃப்ளாஸ்க்கிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீர் கொடுங்கள். சூரியன் அடிக்கும் பனி நாளில் முகத்துக்குச் சன்ஸ்கிரீனும் வேண்டும், புதிதாக விழுந்த பனி 80 சதவீதம் வரை புற ஊதாக் கதிரைத் திருப்பி அடிக்கும்.

கேள்வி: விமான நிலையத்திலிருந்து டாக்ஸியில் போகும்போது கார் சீட்டில் பனி உடையோடு உட்கார வைக்கலாமா?

கூடாது. பஞ்சு அடைத்த உடை, மோதும்போது அப்படியே நசுங்கிவிடும். வாருக்கும் உடலுக்கும் நடுவே இடைவெளி விழும், குழந்தை வாரிலிருந்து வழுக்கி வெளியே வரலாம். நீங்களே சோதித்துப் பாருங்கள்: ஜாக்கெட்டோடு உட்கார வைத்து வாரை இறுக்குங்கள். வாரின் நீளத்தை மாற்றாமல் கொக்கியை மட்டும் கழற்றி, ஜாக்கெட்டை எடுத்துவிட்டு மீண்டும் மாட்டுங்கள். தோள்பட்டையில் வாரை இரண்டு விரலால் கிள்ள முடிந்தால் அந்த ஜாக்கெட் கார் சீட்டுக்கு ஆகாது. ஃப்ளீஸோடு உட்கார வைத்து வாரை இறுக்கிவிட்டு, அதற்கு மேல் போர்வையைப் போர்த்துங்கள். மூத்தவளுக்கு ஜாக்கெட்டை முன்பக்கமாகத் திருப்பிக் கை நுழைத்துவிடலாம்.

கேள்வி: குழந்தைக்கு உண்மையிலேயே குளிர்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கை சில்லென்று இருந்தாலே பயமாக இருக்கிறது.

கையும் மூக்கும் சில்லிடுவது இயல்பு. பிடரியில், சட்டைக்கு உள்ளே இரண்டு விரலை விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக, காய்ந்து இருந்தால் சரி. சில்லென்று இருந்தால் ஓர் அடுக்கு சேருங்கள். ஈரமாக இருந்தால் ஓர் அடுக்கு குறையுங்கள், உள்ளே போய் உள்ளாடையை மாற்றுங்கள்.

வானிலைச் செயலியில் வெப்பநிலைக்குப் பக்கத்தில் காற்றின் வேகத்தையும் பாருங்கள். மைனஸ் 5-இல் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால் திறந்திருக்கும் தோலுக்கு அது மைனஸ் 13 போல. அன்றைக்கு ஆற்றங்கரையும் பாலமும் வேண்டாம்.

விரல் நுனி, காது மடல், கன்னம் வெளிறி மரத்துப்போனால் உடனே உள்ளே கொண்டுபோங்கள். தேய்க்கக் கூடாது, ஹீட்டரில் காட்டக் கூடாது. மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது. உங்கள் அக்குளிலோ வயிற்றிலோ வைத்துச் சூடேற்றுங்கள், அல்லது 37 முதல் 39 டிகிரி வரை வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள். நிறமும் உணர்வும் திரும்பவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும்.

அழுதுகொண்டிருந்த குழந்தை திடீரென்று அமைதியாகித் துவண்டுபோனால் நிம்மதியடையாதீர்கள். கைக்குழந்தையின் தோல் சிவந்து, தொட்டால் சில்லென்று, உடம்பில் சுரத்தே இல்லாமல் இருந்தால் உடல் வெப்பம் இறங்குகிறது என்று பொருள். 35 டிகிரிக்குக் கீழே போயிருந்தால் அவசர உதவியைக் கூப்பிடுங்கள். வெப்பமானி ஒன்று கைப்பையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: மாலையில் நனைந்து வரும் பூட்ஸ் காலைக்குள் காய வழி உண்டா?

உள் அட்டையை வெளியே எடுத்துத் தனியாகக் காய வையுங்கள். பூட்ஸுக்குள் செய்தித்தாளைக் கசக்கி விரல் நுனி வரை திணித்து, ஒரு மணி நேரத்தில் ஈரத் தாளை எடுத்துவிட்டுப் புதிதாகத் திணியுங்கள். தூங்கப் போகுமுன் இன்னொரு முறை. ஹீட்டர் மேலேயே வைத்தால் அடிப்பாகத்தின் பசை விட்டுப்போகும், ஓர் அடி தள்ளி வையுங்கள். காலையிலும் உள்ளே கொஞ்சம் ஈரம் தெரிந்தால் காய்ந்த சாக்ஸுக்கு மேல் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையைக் காலில் மாட்டி, பிறகு பூட்ஸைப் போடுங்கள். அன்று காலை தாக்குப்பிடிக்கும், மதியத் தூக்க நேரத்தில் மறுபடியும் தாள் மாற்றிக்கொள்ளலாம்.